உப்பு மெருகும் விறகுச் சூளையும்: வட கரோலினாக் குயவர் குடும்பங்கள்

ஊர்களில் கழிவுநீர் செல்வதற்காக முன்னாளில் பதிக்கப்பட்ட செம்பழுப்பு நிறக் குழாய்களைப் பஞ்சாயத்து உறுப்பினர் பலர் பார்த்திருப்பர். அவை சிமெண்டினால் ஆனவையும் அல்ல, இரும்பினால் ஆனவையும் அல்ல. விரலால் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளக்கும். உற்று நோக்கினால் ஆரஞ்சுப் பழத்தின் தோலில் உள்ளதைப் போன்ற நுண்ணிய குழிகள் தென்படும். பல்லாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தாலும் அரித்துப் போவதில்லை. இக்குழாய்களுக்கு உரிய இந்தியத் தர நியமத்தின் எண் 651. அந்த நியமத்தின் பெயரிலேயே முன்பு 'உப்பு மெருகிட்ட' என்னும் அடைமொழி இருந்தது. அந்த மெருகு தூரிகை கொண்டு பூசப்பட்டதன்று. சூளை கனன்று கொண்டிருக்கும் வேளையில் உள்ளே வீசிய சோற்றுப்பு தந்த மெருகு அது.

இன்று பிளாஸ்டிக் குழாய்கள் பெருகிவிட்டமையால் இவற்றைக் காண்பது அரிதாகி வருகின்றது. ஆயினும் நம் இல்லங்களில் ஊறுகாய் போட்டு வைக்கும் ஜாடியை அறியாதார் இலர். அதன் மெருகு வேறு வகையினதாக இருக்கலாம். உடல் அதே கற்கலம்தான். மிகுந்த வெப்பத்தில் வெந்து, நீர் ஊறாதபடி இறுகிய மண்ணைக் கற்கலம் என்று இங்கே கூறுகின்றோம். ஆங்கிலத்திலிருந்து வந்த 'ஸ்டோன்வேர்' என்னும் பெயராலும் வியாபாரிகள் இதனை வழங்குவர்.

ஆலைகளில் செய்யப்படும் இப்பொருளைக் கையால் வனைந்து, விறகுச் சூளையில் சுட்டு, உப்பு வீசி மெருகேற்றித் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துவரும் குயவர் குடும்பங்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருக்கின்றன. அந்நாடு என்றாலே வானளாவிய கட்டடங்களும் இயந்திரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் வட கரோலினா மாநிலத்தில், சீக்ரோவ் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள ராண்டால்ப், மூர் என்னும் இரு கவுண்டிகளில், கோல், கிரேவன், ஓவன், டீக், ஆமன், லக் முதலிய குடும்பப் பெயர்கள் மட்பாண்டத்தோடு ஒட்டியே வழங்குகின்றன. இக்குடும்பங்கள் கடந்துவந்த வழி நம் உழவர்களும் பஞ்சாயத்தாரும் அறியத் தக்கது. அவர்கள் முதலில் உழவர்கள், பிறகே குயவர்கள். அவர்களுடைய தொழில் ஒருமுறை ஏறக்குறைய அழிந்தே போயிற்று.

உப்பு மெருகாவது எங்ஙனம்

நம் ஊர்ப் பானை சூளையில் சுமார் 700 முதல் 900 செண்டிகிரேடு வெப்பத்தில் வேகின்றது. அவ்வளவில் மண் கெட்டிப்படுமே அன்றி நுண்துளைகள் மூடிக்கொள்வதில்லை. அது குறையன்று. அத்துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாவதனாலேயே கோடையில் பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கின்றது. ஆனால் எண்ணெய், பாகு, உப்பிட்ட காய், புளித்த பண்டம் ஆகியவற்றை மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு அத்தகைய கலம் உதவாது. துளை மூடப்பட வேண்டும்.

துளையை மூடுவதற்கு மேலைநாட்டுக் குயவர் தொடக்கத்தில் ஈயத்தைக் கையாண்டனர். ஈய மெருகு குறைந்த வெப்பத்திலேயே உருகிப் படியும். பார்வைக்கும் அழகாக இருக்கும். அது நஞ்சு. புளிப்புள்ள பொருளை அதில் வைத்தால் ஈயம் கரைந்து உணவோடு கலந்து உடலில் சேரும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்கப் பத்திரிகைகள் இதனை எடுத்துக்கூறி மக்களை எச்சரித்தன. ஊறுகாய்க்கும் புளிக்குமெனக் கலம் வாங்கும் நம் இல்லத்தரசிகளும் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். சந்தையில் பளபளப்பாக, விலை மலிவாக, இலேசாகக் கிடைக்கும் வண்ணக் கலம் ஒவ்வொன்றும் உணவுக்கு ஏற்றதென்று கொள்ளலாகாது.

உப்பு மெருகில் இந்த அபாயம் இல்லை. இது ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரைப் பகுதியில் 15-ஆம் நூற்றாண்டளவில் சிறந்து விளங்கிய முறை. இங்கிலாந்தில் ஜான் டுவைட் என்பவர் 1672-ஆம் ஆண்டில் கற்கலம் செய்வதற்கு அரச உரிமை பெற்றார். 1846-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த லாம்பெத்தில் ஹென்றி டௌல்டன் உப்பு மெருகிட்ட கழிவுநீர்க் குழாய்களைப் பெருவாரியாகச் செய்யத் தலைப்பட்டார். காலரா நோய் நகரங்களை வாட்டிய காலம் அது. ஊறுகாய்த் தாழிக்கென வளர்ந்த ஒரு கைத்தொழில் ஊர்ச் சுகாதாரத்துக்கு உதவ வந்த கதை இவ்வாறு தொடங்கிற்று. நம் ஊர்க் குழாய்களுக்கும் அதுவே மூலம்.

இனி, முறையைக் காண்போம். சூளையின் வெப்பம் சுமார் 1,200 முதல் 1,300 செண்டிகிரேடு அளவை எட்டியதும் சாதாரண உப்பை உள்ளே போடுகின்றனர். உப்பு 801 செண்டிகிரேடில் உருகும் பொருள். அத்தனை கொடிய வெப்பத்தில் அது உடனே வெடித்து ஆவியாகின்றது. விறகு எரிவதால் உண்டாகும் நீராவியோடு சேர்ந்து அது இரண்டாகப் பிரிகின்றது. உப்பிலுள்ள சோடியம் கலங்களின் மேல் படிந்து, மண்ணிலுள்ள மணற்சத்தையும் அலுமினாவையும் பற்றிக்கொண்டு கண்ணாடியாக மாறுகின்றது. குளோரின் பகுதி ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகப் புகைபோக்கி வழியே வெளியேறுகின்றது. ஆகவே இந்த மெருகு கலத்தின் மேல் தனியாக ஒட்டிய பூச்சன்று. மண்ணின் மேல்தோலே கண்ணாடியாக மாறிவிடுகின்றது எனலாம். அதனால்தான் அது எளிதில் உரிவதில்லை.

ஆவி எங்கே புகுமோ அங்கேதான் மெருகு உண்டாகும். குறுகிய வாயுடைய கலத்தின் உட்புறத்தில் ஆவி போதிய அளவு செல்லாது. அதற்காக, எளிதில் உருகும் மண்ணைக் குழம்பாகக் கரைத்து உட்புறத்தில் ஊற்றிச் சுழற்றிவிடுவது வழக்கம். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரை அடுத்துக் கிடைத்த ஒரு மண் இதற்குப் பெயர்பெற்றது. அது வெந்தால் கரும்பழுப்பு நிறமாகும். அந்த மண் பூசிய கலத்தின் மேல் உப்பாவியும் படுமாயின் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் தோன்றும். அதனைத் 'தவளைத் தோல்' என்று அவ்வூரார் பெயரிட்டு அழைத்தனர். பெயர் அழகாக இல்லாவிடினும் கலம் அழகானதே.

உழவரே குயவர்

வட கரோலினாவில் கற்கலத் தொழில் வேரூன்றியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன்னரே அங்கே ஈய மெருகிட்ட செம்மண் கலம் செய்வோர் இருந்தனர். 1819-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் பேயட்வில் நகரில் வட பகுதியிலிருந்து வந்தோர் கற்கலம் செய்தனர். ராண்டால்ப், மூர் பகுதிகளில் உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் நல்ல களிமண்ணும் சூளைக்கு வேண்டிய பைன் மரக் காடுகளும் மிகுந்திருந்தன. அவ்விரண்டும் ஒருங்கே கிடைத்தமையால் தொழில் அங்கே தங்கிவிட்டது.

அக்குயவர் எவரும் ஆண்டு முழுவதும் சக்கரத்தின் முன் அமர்ந்திருந்தவரல்லர். நிலம் வைத்திருந்தனர், மக்காச்சோளமும் பிற தானியமும் பயிரிட்டனர், மாடும் பன்றியும் வளர்த்தனர். பயிர் வேலை ஓய்ந்த நாட்களில் மண் வெட்டி, கோவேறு கழுதை பூட்டிய செக்கு போன்ற பொறியில் அதனை அரைத்துப் பிசைந்து, காலால் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தில் வனைந்தனர். அவர்கள் செய்த கலங்களும் உழவர் வீட்டுக்கு வேண்டியவையே. பாலை ஊற்றி ஊற்று நீரில் குளிர வைக்கும் அகன்ற சட்டி, வெண்ணெய் கடையும் தாழி, உப்பிட்ட இறைச்சியும் காயும் இட்டு வைக்கும் சாடி, இனிப்புச் சோளத் தட்டையைப் பிழிந்து காய்ச்சிய பாகை ஊற்றும் குறுங்கழுத்துக் குடம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒரு கலம் எத்தனை காலன் கொள்ளும் என்பதைக் கொண்டே விலை பேசினர். அதன் அழகுக்கென்று தனி விலை இல்லை. இலையுதிர் காலத்தில் பாகு காய்ச்சும் பருவம் வரும்போது குடங்களுக்குத் தேவை மிகும். நம் ஊரில் பொங்கலுக்கு முன் பானைக்குக் கிராக்கி ஏற்படுவது போன்றதே இது.

வனைபவருக்கு ஒரு பெயர், சுடுபவருக்கு ஒரு பெயர் என்று தொழிலைப் பிரித்து வழங்கியதும் உண்டு. எல்லோரும் இரண்டிலும் வல்லவரல்லர். நன்றாக வனைபவர் தமக்கெனச் சூளை இல்லாதபோது, பல பட்டறைகளுக்குச் சென்று கூலிக்கு வனைந்து கொடுத்தனர். இதனால் ஒரு குடும்பத்தின் கைவண்ணம் மற்றொரு குடும்பத்திலும் பரவிற்று. திருமண உறவுகளும் இதற்குத் துணை செய்தன. பிள்ளைகள் தனிப் பாடம் கேட்டுக் கற்றவர்களல்லர். மண் உருண்டை எடை பார்த்துக் கொடுப்பது, விறகு அடுக்குவது, வனைந்த கலத்தை வெயிலில் எடுத்து வைப்பது எனத் தொடங்கிப் பத்து வயதளவில் சிறு கிண்ணம் செய்வர். இளைஞராகும்போது காலன் குடம் எடுப்பர்.

விற்பனை பெரும்பாலும் வண்டியில் நடைபெற்றது. வைக்கோலுக்கு இடையே கலங்களை அடுக்கி, ஊர் ஊராகச் சென்று, பணத்துக்கோ தானியத்துக்கோ மாற்றிவருவர். 1849-ஆம் ஆண்டு தொடங்கி 1854-க்குள் பேயட்வில் நகரிலிருந்து பெத்தானியா வரை 129 மைல் நீளத்துக்குப் பலகை பாவிய சாலை ஒன்று இடப்பட்டது. அது குயவர் வாழ்ந்த பகுதியின் ஊடே சென்றது. சேற்றில் புதையாமல் பாரவண்டி செல்ல வழி கிடைத்தமையால் உடையும் சரக்கை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல முடிந்தது. சாலை ஒரு கைத்தொழிலுக்கு என்ன செய்யும் என்பதைப் பஞ்சாயத்தாருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வளைச் சூளை

இக்குயவரின் சூளையை 'கிரவுண்ட்ஹாக் சூளை' என்பர். கிரவுண்ட்ஹாக் என்பது அந்நாட்டில் மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு கொறிக்கும் பிராணி. சூளையும் ஏறக்குறைய அவ்வாறே மேட்டுச் சரிவில் பாதி புதைந்து கிடக்கும். மேலே தெரிவது தாழ்ந்த செங்கல் வளைவும், பின்னால் குட்டையான அகன்ற புகைபோக்கியுமே. சுமார் 20 அடியோ அதற்கு மேலோ நீளம் இருக்கும். உள்ளே உயரம் இரண்டு மூன்று அடிதான். கலம் அடுக்குபவர் தவழ்ந்தே உள்ளே செல்ல வேண்டும். முன்புறத்தில் தரைமட்டத்துக்குக் கீழே அடுப்புக்குழி. அதற்குப் பின் ஒரு படி உயரத்தில் கலங்கள் நிற்கும் தளம். தீ அடுப்பிலிருந்து எழுந்து, கலங்களின் ஊடே நெடுகப் பாய்ந்து, பின்புறம் வெளியேறும். இரு பக்கத்து மண்ணும் சுவர்களைத் தாங்கி வெப்பத்தைக் காக்கின்றது. செலவு குறைவு, கட்டுவதற்கு வேண்டியவை செங்கல்லும் களிமண்ணும் மேடான நிலமுமே.

கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் மணல் பரப்பிய தளத்தில் நிறுத்துவர். அவை தளத்தோடு ஒட்டிக்கொள்ளாதிருக்கவே மணல். முதலில் சிறு தீ மூட்டி மெல்ல மெல்ல ஈரத்தை ஓட்டுவர். இதில் அவசரப்பட்டால் கலம் வெடித்துவிடும் என்பது நம் வேளார் எவரும் அறிந்ததே. பிறகு தீயைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போவர். மர அறுவை மில்களில் மீதமாகும் பைன் மரப் புறவெட்டுகள் இதற்கு ஏற்றவை. பிசின் மிகுந்திருப்பதால் நெருப்பு நீண்ட நாவாக எழும். இறுதிக் கட்டத்தில் உலர்ந்த மெல்லிய விறகை ஓயாது இட்டுக்கொண்டே இருப்பர். அப்போது புகைபோக்கியின் வாயிலிருந்து கரும்புகையும் தீக்கொழுந்தும் எழுந்து நிற்கும்.

உப்புப் போடும் தருணத்தை அறிவதிலேயே சுடுபவரின் திறமை இருக்கின்றது. பழைய நாளில் வெப்பமானி இல்லை. தீயின் நிறத்தையும், உள்ளே கலங்கள் ஈரம்பட்டனபோல மினுங்கத் தொடங்குவதையும் கண்ணால் பார்த்தே முடிவு செய்தனர். பின்னாளில் குறிப்பிட்ட வெப்பத்தில் வளையும் கூம்புகள் வழக்கத்திற்கு வந்தன. தருணம் வந்ததும் சூளையின் வளைவில் உள்ள துளைகளின் வழியாக உப்பைச் சிறிது சிறிதாக உள்ளே விடுவர். உப்பு வெடிக்கும் ஓசை கேட்கும்; வெண்புகை கிளம்பும். சற்றுப் பொறுத்து, இதற்கென உள்ளே வைத்திருந்த மண் வளையம் ஒன்றை இரும்புக் கம்பியால் வெளியே இழுத்துப் பார்ப்பர். மெருகு போதாதெனில் மீண்டும் உப்பு. இவ்வாறு சில முறை நிகழும். போதும் என்று கண்டவுடன் வாயில்களை அடைத்து மண் பூசி, இரண்டு மூன்று நாட்கள் ஆறவிடுவர்.

மேலிருந்து உப்பு விழுவதால் கலங்களின் தோள்பகுதி மிகுந்த மெருகு பெறும். அடிப்பகுதி சற்று வறண்டிருக்கும். அடுப்புக்கு அருகே நின்ற கலத்தில் விறகுச் சாம்பலும் சேர்ந்து வழிந்திருக்கும். சூளையின் வளைவிலிருந்து உருகிச் சொட்டிய பச்சைக் கண்ணாடித் துளிகள் சில கலங்களில் படிந்திருக்கும். முன்னாளில் இவற்றைக் குறை என்று கருதி விலை குறைத்தோர் உண்டு. இன்று அதே துளிக்காகக் கூடுதல் விலை தருகின்றனர். சந்தையின் போக்கு விந்தையானதுதான்!

உப்பு சூளையையும் விட்டுவைப்பதில்லை. கலத்தில் படிவது போலவே செங்கல்லிலும் படிந்து அதனையும் அரிக்கும். ஆகவே உப்புச் சூளையை அவ்வப்போது பிரித்துக் கட்ட நேரும். அமில ஆவி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், மூச்சுக்கும் கெடுதி. இக்காரணம் பற்றியே 1970-களிலிருந்து குயவர் சிலர் உப்புக்குப் பதிலாகச் சமையல் சோடா போன்ற பொருள்களைக் கையாளத் தொடங்கினர். அதனால் கிடைக்கும் மெருகு சற்று வேறுபட்டது. பழைய முறையில் பற்றுள்ளோர் உப்பை விடவில்லை.

நலிவும் மீட்சியும்

கண்ணாடிச் சாடியும் தகர டப்பாவும் பெருகவே கற்கலத்தின் தேவை குறைந்தது. திருகு மூடியுள்ள கண்ணாடிச் சாடிக்கு மேசன் என்பவர் 1858-ஆம் ஆண்டில் உரிமை பெற்றிருந்தார். அது மலிவானபின் ஊறுகாய்த் தாழியை நாடுவார் குறைந்தனர். எஞ்சியிருந்த பெரிய வியாபாரம் மதுக்குடம். 1908-ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் பயனாக 1909 ஜனவரி 1 முதல் வட கரோலினா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கினால் குடும்பங்களுக்கு நன்மை விளைந்ததா என்பது வேறு விஷயம். குடம் செய்த குயவருக்கு அது பேரிடியாயிற்று. பலர் சூளையை மூடிவிட்டு மரம் அறுக்கவும் ஆலை வேலைக்கும் சென்றனர். நல்லதொரு சட்டம் செய்யும்போதும் அதனால் வேலை இழப்பவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டுவது இதனால் புலனாகும்.

மீட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தலைநகராகிய ராலே நகரில் வாழ்ந்த ஜாக் பஸ்பி, ஜூலியானா பஸ்பி என்னும் தம்பதியர் கலைகளில் ஈடுபாடு உடையவர். ஜூலியானா ஒரு கண்காட்சியில் ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்றைக் கண்டு, அதனைச் செய்தவர் யார் என்று தேடத் தொடங்கினார். அத்தேடல் இருவரையும் இக்குயவரிடம் கொண்டு சேர்த்தது. நியூயார்க் நகரின் கிரினிச் வில்லேஜ் பகுதியில் ஒரு தேநீர் விடுதி நடத்தி, அங்கே இக்கலங்களைக் காட்டி விற்றனர். 1921-ஆம் ஆண்டில் மூர் கவுண்டியில் 'ஜக்டவுன்' என்னும் மட்பாண்டக் கூடத்தை நிறுவினர். 1923-ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஓவன் என்னும் 18 வயது இளைஞர் அங்கே வனைபவராகச் சேர்ந்தார். பஸ்பி அவரை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் சென்று சீனம், கொரியா, பாரசீகம் ஆகிய நாடுகளின் பழங்கலங்களைக் காட்டினார். கை பழைய கை, மண்ணும் பழைய மண், வடிவம் புதிது. பாகுக் குடத்துக்குப் பதிலாகப் பூச்சாடி, தேநீர்க் கெண்டி, விருந்துத் தட்டு ஆகியவை நகரங்களுக்குச் சென்றன.

வெளியூர்க் கலையன்பர் தலையிட்டதால் மரபு கெட்டது என்று குறை கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. உழவர் வீட்டில் தாழிக்கு இடமில்லாமற் போன பின், தாழியை மட்டும் செய்து கொண்டிருப்பதை மரபு என்று சொல்ல இயலாது. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பஸ்பி தம்பதியர் கலங்களைக் கண்டு பாராட்டியதோடு நின்றுவிடவில்லை. விற்பனைக்கு இடம் தேடினர், விலையை நிறுவினர், ஆண்டுதோறும் வாங்குவோரைச் சேர்த்தனர். பாராட்டு மட்டும் சூளைக்கு விறகு வாங்கித் தராது.

ஜாக் பஸ்பி 1947-இலும் ஜூலியானா 1962-இலும் மறைந்தனர். இடையே கூடத்தின் உரிமை பற்றி வழக்கு எழுந்து சிறிது காலம் வேலை நின்றது. பென் ஓவன் 1959-இல் விலகித் தமக்கெனப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். முன்பு நாம் கூறிய பலகைச் சாலையின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1960-ஆம் ஆண்டில் ஜக்டவுனில் வனைய வந்தவர் வெர்னன் ஓவன்ஸ். 1941-இல் பிறந்த இவர் தந்தை மெல்வினின் பட்டறையில் சிறுவயது முதல் மண்ணோடு வளர்ந்தவர். இவருடைய பாட்டனார் ஜேம்ஸ் ஓவன், பஸ்பி தம்பதியருக்கு முதன்முதலில் கலம் செய்து கொடுத்தவர்களுள் ஒருவர். 1968-ஆம் ஆண்டில் லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று ஜக்டவுனை வாங்கியது. அதன் சார்பில் பொறுப்பேற்ற நான்சி ஸ்வீசி இரு காரியங்கள் செய்தார். கூடத்தில் அதுவரை வழங்கிய ஈய மெருகுகளை நீக்கி, நஞ்சற்ற மெருகுகளைக் கண்டு அமைத்தார். வெளியிலிருந்து இளைஞர்களை வரவழைத்துத் தங்கிப் பயில ஏற்பாடு செய்தார். அவ்வாறு பயில வந்தவருள் ஒருவரான பாம் என்பவர் பின்னர் வெர்னனின் மனைவியானார். 1983-இல் வெர்னன் கூடத்தையே விலைக்கு வாங்கினார். கூலிக்கு வனைந்தவர் உரிமையாளரானார். 1996-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசின் கலை நிதியம் மரபுக் கலைஞருக்கு அளிக்கும் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அவர்களுடைய பிள்ளைகளும் இத்தொழிலில் இறங்கினர்.

குடும்பத் தொழிலைப் பிள்ளைகள் தொடர வேண்டும் என்று நாம் மேடைகளில் பேசுகின்றோம். ஓவன் குடும்பத்தில் அது நிகழ்ந்தமைக்குக் காரணம் பேச்சன்று. அத்தொழிலில் ஒரு குடும்பம் கௌரவமாக வாழ முடியும் என்பதைப் பிள்ளைகள் கண்ணெதிரே கண்டனர். வருவாய் இல்லாத மரபைப் பிள்ளைகளின் தலையில் சுமத்துவது அறமாகாது.

1998-ஆம் ஆண்டில் சீக்ரோவ் ஊரில் வட கரோலினா மட்பாண்ட நிலையம் திறக்கப்பட்டது. அவ்வழியே செல்லும் 705-ஆம் எண் சாலைக்கு 'மட்பாண்டச் சாலை' என்றே பெயர் வழங்குகின்றது. சாலையோரப் பலகையைப் பார்த்து மக்கள் குயவர் வீட்டுக்கே சென்று வாங்குகின்றனர், இடைத்தரகருக்கு வேலையில்லை. சூளை பிரிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிப்பதால் அன்று காலையில் கூட்டம் சேர்ந்துவிடும். இவ்வளவும் ஒற்றுமையாலேயே நடந்தது என்று எழுதிவிட ஆசைதான்! ஆனால் 2008-ஆம் ஆண்டு முதல் ஒரே ஊரில் ஒரே பருவத்தில் இரண்டு மட்பாண்ட விழாக்கள் நடக்கும் நிலை ஏற்பட்டது. சங்கம் என்று இருந்தால் பிளவும் இருக்கும் போலும். விழா இரண்டானதால் வாங்குவோர் வராமல் போய்விடவில்லை.

நம் ஊர்ச் சூளைக்கு

இதனைப் படிக்கும் ஆர்வமிக்க இளைஞர் எவரேனும் தம் ஊர்ச் சூளையில் ஒரு படி உப்பை வீசிப் பார்க்க நினைக்கலாம். அவ்வாறு செய்யலாகாது. முதலாவதாக, நாட்டுச் சூளையின் வெப்பம் அதற்குப் போதாது. உப்பு வெண்மையாகப் படிந்து கலத்தைக் கெடுக்குமே தவிர மெருகு உண்டாகாது. இரண்டாவதாக, இரும்புச் சத்தும் சுண்ணாம்பும் கலந்த சாதாரணக் குளத்து மண் கற்கலத்துக்கு வேண்டிய வெப்பத்தைத் தாங்காமல் கலம் குழைந்து சரிந்துவிடும். மூன்றாவதாக, அமிலப் புகை அக்கம்பக்கத்து வீட்டாருக்குக் கேடு. அருகிலுள்ள பயிரின் இலைகளும் கருகும். கற்கலம் செய்ய விரும்புவோர் அதற்குரிய மண்ணையும் சூளையையும் அறிந்தவரிடம் முறையாகப் பயில வேண்டும். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். புதுச்சேரியில் 1971-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தின் வழியாகவும் கற்கலம் வனையும் கலையைப் பலர் கற்றிருக்கின்றனர்.

பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியது மண். வட கரோலினாவில் தொழில் தங்கியதற்கு நல்ல மண் அருகில் இருந்ததே முதற்காரணம் என்று கண்டோம். நம் வேளார் பலரும் இன்று கூறும் குறை, மண் இருந்தும் எடுக்க முடியவில்லை என்பதே. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இன் 12-ஆவது விதி, ஏரி குளங்களிலுள்ள வண்டலையும் களிமண்ணையும் விவசாயத்துக்கும் வீட்டுத் தேவைக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள இடமளிக்கின்றது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அனுமதியை வட்டாட்சியர் அலுவலகத்திலேயே பெறலாம். மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டுவதில்லை. இச்செய்தி சூளை வைத்திருப்போர் பலருக்கு எட்டியிருக்கின்றதா என்பதைக் கிராம சபையில் கேட்டறிதல் நலம்.

இன்னொன்றும் உண்டு. குளத்து மண் முழுவதும் பானைக்கு உதவாது. எந்த மூலையில், எத்தனை அடி ஆழத்தில் பிசுபிசுப்புள்ள மண் கிடக்கின்றது என்பதை ஊர் வேளாரே அறிவர். தூர்வாரும்போது இயந்திரம் எல்லா மண்ணையும் ஒன்றாக வாரிக் கரையிலோ வயலிலோ கொட்டிவிட்டால் அந்தப் படிவம் மீண்டும் கிடைப்பதரிது. வயலுக்கு வண்டல் எடுக்கும் உழவருக்கு எந்த மூலையாயினும் ஒன்றுதான், குயவருக்கு அப்படியன்று. ஆகவே கோடையில் வேலை தொடங்குமுன், பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவரும் ஊர் வேளார் ஒருவரும் சேர்ந்து குளத்துக்குள் நடந்து பார்த்து, களிமண் உள்ள இடத்தில் நான்கு முளை அடித்து வைக்கலாம். அந்த இடத்தின் சர்வே எண்ணையும் வேண்டிய மண்ணின் அளவையும் விண்ணப்பத்தில் குறித்து, மழை வருமுன் ஓராண்டுக்குத் தேவையான மண்ணை எடுத்துக் கூரையடியில் சேர்த்துக்கொண்டால், தை மாதத்துச் சூளைக்குத் தட்டுப்பாடு இராது.